பட்டுக்குச் செய்ததைத் தேக்குக்கும் செய்தேன்

1

எங்கள் வீட்டுக்குக் கால்கள் உண்டு. பன்னிரண்டு மரக்கால்களின் மேல், ஓர் ஆள் உயரத்தில், தரையைத் தொட மனமில்லாமல் நிற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன தபாலில் காஞ்சிபுரத்திலிருந்து என்னோடு படித்த ஒருத்தி, "நீ பர்மாவில் மாடி வீட்டில் இருக்கிறாயாம், கொடுத்து வைத்தவள்" என்று எழுதியிருந்தாள். மாடி இருப்பது உண்மைதான். அதற்குக் கீழேதான் வீடு இல்லை. அங்கே பக்கத்து வீட்டுக் கோழிகள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு, எங்களுக்கு வீடு கொடுத்திருக்கும் சர்க்கார் இலாக்கா எந்த உத்தரவும் அனுப்புவதில்லை. கொடுத்து வைத்தவை அவைதான்.

இந்தச் சித்திரையோடு நான் ஐராவதிக் கரைக்கு வந்து மூன்று வருஷம் முடிகிறது. அதை நாங்கள் கொண்டாடிய விதத்தை எழுதினால் ஊரிலுள்ள சகோதரிகளுக்கு உபயோகப்படுமா என்று யோசித்தேன். படாது என்றுதான் தோன்றியது. ஆனாலும் எழுதுகிறேன். ஒரு வராந்தாவுக்காக முட்டி தேய்ந்த பத்து நாளும் யாருக்கும் தெரியாமல் போவது எனக்குச் சம்மதமில்லை.

வீடு முழுவதும் தேக்கு. தரை தேக்கு, சுவர் தேக்கு, படி தேக்கு. முன்பக்கத்து வராந்தாவும் தேக்குதான். பாவம், வெயிலும் மழையும் அதன் தலையில்தான் விடியும். இங்கே மழை ஒருமுறை வந்தால் ஐந்து மாதம் விருந்தாளியாகத் தங்கிவிடும். அங்கே நீங்கள் வைகாசி கருட சேவைக்கு விசிறியோடு நிற்கிற நாளில், நாங்கள் இங்கே குடையோடு நிற்போம். அதனால் மழைக்கு முன்னால் மரத்தைக் கழுவி, உலர்த்தி, நிலத்தடியிலிருந்து எடுத்த கறுப்பு எண்ணெயைப் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் மரம் உளுத்துவிடும். இதை என் மாமியாருக்கு எழுதியபோது, "முதலில் உன் தலைக்கும் குழந்தை தலைக்கும் வை. மிச்சமிருந்தால் தரைக்கு வை" என்று பதில் வந்தது.

2

வழக்கமாக இலாக்கா ஆட்களே வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் ஆட்களுக்குப் பதிலாக ஓர் உத்தரவு வந்தது. குடியிருப்போரே தங்கள் வராந்தாவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என் கணவர் அதே இலாக்காவில் குமாஸ்தா. அந்த உத்தரவை எட்டு வீட்டுக்கும் எட்டுப் பிரதி எடுத்தவரே அவர்தான். ஆபீசில் எழுதியதை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகத் தமக்குத் தாமே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அதில் ஏழு விதிகள். முதல் விதி, வராந்தாவை நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவது, நன்றாக உலர்த்த வேண்டும். மூன்றாவது, நன்றாக எண்ணெய் பூச வேண்டும். 'நன்றாக' என்றால் எப்படி என்று எந்த விதியிலும் இல்லை. கேட்க வேண்டுமானால் மனுப் போடலாம், பதில் மழை முடிந்ததும் வரும் என்றார் இவர்.

கடைசி விதி மட்டும் தெளிவாக இருந்தது. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை துரை பரிசோதனைக்கு வருவார். 'நல்ல நிலை' என்று அவர் எழுதாத வீடு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

அடுத்து இருப்பவர் ஆறு குழந்தைகளுக்குத் தகப்பனார். மூன்று மாதமாக எங்கள் வீட்டு வழியாகவே ஆபீஸ் போகிறார். அவருக்கு அது சுற்று வழி.

வீடு போனால் இவர் குமாஸ்தாக்கள் மெஸ்ஸுக்குப் போவார். அங்கே பெண்களுக்கு இடமில்லை. இந்த ஊரில் வெளியே வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. நானும் குழந்தையும் கப்பலேற வேண்டியதுதான்.

கப்பலேறினால் என்ன, சொந்த ஊர்தானே என்று கேட்பீர்கள். நானும் என்னையே அப்படிக் கேட்டுப் பார்த்தேன். என் மகள் கனகா பிறந்தபோது அவளுடைய அப்பா இங்கே இருந்தார். ஒன்றே முக்கால் வயது வரை 'அப்பா எங்கே' என்றால் அவள் தபால்காரரைக் காட்டுவாள். கப்பல்துறையில் இவர் கையை நீட்டியதும் அவள் வீரிட்ட வீரிடலில், இன்னொரு கப்பல் ஊதுகிறது என்று கூலிகள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது ஆபீஸ் விட்டு வருகிற நேரத்துக்குப் படியில் உட்கார்ந்து, செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிறாள். மறுபடியும் அவளைத் தபால்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு வராந்தாதான் விஷயம்.

3

கனகாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மாமியார் வேறு யார் மூலமாவது கேள்விப்படுவார். அவள் தண்ணீர்க்காரியிடம் பர்மிய மொழியில் சண்டை போடுகிறாள். என்னிடம் தமிழில் சண்டை போடுகிறாள். இவரிடம் சண்டையே போடுவதில்லை. கன்னத்தில் சந்தனம் மாதிரி தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டால்தான் காலையில் கீழே இறங்குவாள். 'காஞ்சிபுரம் என்றால் என்ன' என்று போன வாரம் கேட்டேன். யோசிக்காமல், "பொடவை" என்றாள். ஊருக்கு வெளியே உலகம் முழுவதும் அப்படித்தான் நினைக்கிறது. என் மகள் மட்டும் வேறு மாதிரி நினைப்பாள் என்று ஏன் எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

நாங்கள் வராந்தாவைச் சுத்தம் செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கலை உண்டாக்கியவள் நான்தான். வந்த முதல் வெள்ளிக்கிழமையே வராந்தாவில் அரிசி மாவைக் கரைத்துக் கோலம் போட்டேன். பிறகு எல்லா வெள்ளியும் போட்டேன். மார்கழியில் தினமும் போட்டேன். ஊரில் என்றால் இன்று போட்ட கோலம் நாளைக் காலை தண்ணீர் தெளித்ததும் போய்விடும். தேக்கு அப்படி விடுகிறதா? மாவையெல்லாம் ரேகை ரேகையாகக் குடித்து வைத்துக்கொண்டது. மூன்று வருஷத்துக் கோலம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, நடு வராந்தாவில் ஒரு வெள்ளைத் திட்டே இருந்தது.

இதைக் கண்டுபிடித்தவள் ஞானம்மா. பக்கத்து வீடு. கோழிகள் அவளுடையவை. அவள் கணவர் இலாக்காவில் தச்சு மேஸ்திரி. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்னேரிக்காரி. ஊரில் இருந்திருந்தால் எங்கள் வாசலில் அவளும், அவர்கள் தெருவில் நானும் கால் வைத்திருக்க மாட்டோம். இங்கே முதல் வாரம் என்னை 'அம்மா' என்றாள். கனகாவுக்குக் காய்ச்சல் கண்டு நான் திகைத்து நின்ற நாலு நாளும் குழந்தை அவள் மடியில்தான் கிடந்தது. அதற்குப் பிறகு நான் 'தங்கச்சி' ஆனேன். அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நானும் 'அக்கா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இதை நான் ஊருக்கு எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன், அச்சிலும் வந்துவிடும். அடித்துவிடலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

அன்று அவள் படியேறி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா தங்கச்சி, மூணு வருசமா மரத்துக்குக் கஞ்சி ஊத்தி வளத்துக்கினு வரியா? நல்லா சதை வெச்சிருக்குது."

"வெள்ளிக்கெழமை கோலம் போடாம எப்படிக்கா இருக்கறது?"

"போடும்மா, யாரு வேணாம்னது. எண்ணெ பூசுனா அந்த எடத்துல மட்டும் மேலயே நிக்கும். மாவு குடிச்ச மரம் எண்ணெ குடிக்காதுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கினே இருப்பாரு. தொரை வந்து பாத்தா, கறுப்புக்கு நடுவுல வெள்ளையா ஒரு தேமல் இருக்கும்."

"இப்ப என்னக்கா பண்றது?"

"அவரு வெளியூரு வேலைக்குப் போயிருக்காரு. வர பத்து நாளாவும். வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

துரை வருவதற்கும் பத்து நாள்தான் இருந்தது.

4

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். சாதாரணமாக நான் ஒரு காரியத்தை நாலு முறை யோசித்து, ஐந்தாம் முறை வேண்டாம் என்று விட்டுவிடுகிறவள். அன்றைக்கென்று எனக்கு ஓர் உறுதி பிறந்தது. நான் சாயக்காரர் மகள்.

பட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கச்சாப் பட்டு பசையோடுதான் வரும். தொட்டால் விறைப்பாக இருக்கும். அப்படியே சாயத்தொட்டியில் போட்டால் நிறம் மேலாக உட்காருமே தவிர உள்ளே இறங்காது. முதல் நனைப்பில் ஓடிவிடும். அதனால் முதலில் சோடாக்காரம் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பசையெடுக்க வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இதைப் பார்த்துக்கொண்டேதான் வாய்ப்பாடு படித்தேன்.

பட்டில் இருப்பது பசை. கோல மாவும் பசை. பட்டு நிறத்தைக் குடிக்க மறுக்கிறது. மரம் எண்ணெயைக் குடிக்க மறுக்கிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம். எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்ததற்கு இப்படியாவது பலன் இருக்க வேண்டாமா?

சனிக்கிழமை காலையில் இவர் ஆபீஸ் போனதும் இரண்டு அண்டா வெந்நீர் வைத்தேன். துணி வெளுக்க வைத்திருந்த சோடாக்காரத்தை அத்தனையும் கொட்டினேன். கொதிக்கக் கொதிக்க வராந்தாவில் ஊற்றி, தேங்காய் நாரைச் சுருட்டி, ஊரில் தரை துடைக்கிற மாதிரி அரைவட்டம் அரைவட்டமாகத் தேய்த்தேன். மூன்று வருஷத்துக் கோலம் கஞ்சியாகக் கரைந்து, பலகை இடுக்கு வழியாகக் கோழிகள் மேல் சொட்டியது. எனக்கு இருந்த பெருமையை வர்ணிக்க முடியாது. அரை மணி நேரம் இருந்தது.

பிறகு மரம் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் தேநீர் நிறம். அப்புறம் புகையிலை. உச்சிவெயிலுக்குள் அங்கங்கே நாவல்பழ நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது. எங்கள் தொட்டியில் அந்த நிறத்துக்காக மூன்று நாள் பாடுபடுவார்கள். எனக்கு ஒரே காலையில் வந்தது. காய்ந்ததும் இன்னொன்றையும் பார்த்தேன். பலகை முழுக்க மெல்லிய சிலாம்புகள் எழும்பி, நாலு நாள் சவரம் செய்யாத முகம் மாதிரி இருந்தது. கனகா ஓடி வந்தாள். இரண்டாம் எட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். பாதத்தில் அரை அங்குலச் சிலாம்பு.

ஞானம்மா ஊசியால் அதை எடுத்துக்கொண்டே வராந்தாவைப் பார்த்தாள்.

"பட்டு வேவ வெக்கிற மாதிரி வேவ வெச்சிட்டியா?"

"ஆமாக்கா."

"பட்டு பூச்சி வாயிலேர்ந்து வந்தது. இது காட்டுலேர்ந்து வந்தது. ரெண்டுத்துக்கும் ஒரே மருந்தா தங்கச்சி? நல்லவேளை, சாயம் போடறதுக்கு முன்ன முறுக்கிப் புழியலை." பிறகு கையால் ஒரு பலகையைத் தடவினாள். "குறுக்கால வேற தேச்சிருக்கே. பூனையைப் பின்னாலேர்ந்து தடவுனா முடி எழும்பாம இன்னா பண்ணும்? ரேகை போற பக்கமே போவணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துணிக்கு நீளவாக்கில் பாவும் உண்டு, குறுக்கே ஊடையும் உண்டு. எந்தப் பக்கம் தேய்த்தாலும் தாங்கும். மரத்துக்குப் பாவு மட்டும்தான். எங்கள் ஊரில் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தால், வண்டிக்காரன்கூடக் குறுக்கே வரமாட்டான், அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவான். மரியாதை தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, நான் ஒரு காலை முழுவதும் பாவுக்குக் குறுக்கே நாரைப் போட்டு இழுத்திருக்கிறேன்.

சாயங்காலம் இவர் வந்தார். படியின் மேல் பாதியிலேயே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"பரவால்ல விடு" என்றார். அதைவிட மோசமாக எதையும் சொல்ல முடியாது.

5

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தொட்டியில் பட்டு ஏன் கெட்டுப் போவதில்லை? காரத்தில் வெந்த பட்டை அப்படியே விட்டுவிடுவார்களா என்ன? வேகவதியில் தண்ணீர் இருந்தால் ஆற்றில், இல்லாவிட்டால் கிணற்றடியில், நாலைந்து முறை அலசுவார்கள். கடைசியில் ஒரு புளித்தண்ணீரில் முக்குவார்கள். அப்போதுதான் காரம் சாகும், நிறம் தெளியும். நான் பாதி வைத்தியத்தை மட்டும் செய்திருக்கிறேன்.

இது சரிதானா? நேற்றும் இப்படித்தானே எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. புளி மரத்தை அரித்துவிட்டால்? கறுப்பு பச்சையாகிவிட்டால்? எறும்பு வந்துவிட்டால்? இவற்றையெல்லாம் வரிசையாக யோசித்துவிட்டு, நேற்று செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். தண்ணீர்ப்பானைக்குப் பின்னால், யாரும் பார்க்காத ஒரு சாண் இடத்தில் புளியைக் கரைத்துத் தடவி, கால் மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு கொஞ்சம் பின்வாங்கியது.

எங்கள் வீட்டில் இருந்த புளி, என் மாமியார் மாகறலிலிருந்து வாங்கி, கொட்டையும் கோதும் எடுத்து, உப்புப் போட்டு உருட்டி, துணியில் கட்டிக் கப்பலேற்றியது. ஒரு வருஷத்துக்கு வர வேண்டும். மத்தியானத்துக்குள் அத்தனையும் வராந்தாவுக்குப் போய்விட்டது. ஒரு கவளம் மிச்சம் வைத்தேன். பிறகு படிக்கட்டின் பக்கம் ஒரு திட்டுத் தெரிந்தது. அதையும் கரைத்தேன்.

"வீட்டுக்கு ரசமா அம்மா?" என்றாள் கனகா.

"ஆமா."

"நமக்கு?"

"நமக்கு இனிமே ரெண்டு மாசம் மோரு."

தெரு முழுக்கப் புளி வாசனை. பட்டியலில் அடுத்து இருப்பவர் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த வழியாக வந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "விருந்தா?" என்று இவரைக் கேட்டார். "கிட்டத்தட்ட" என்றார் இவர்.

நாலு முறை கழுவினோம். மூன்றாம் நாள் பார்த்தபோது நாவல்பழம் போய், பழைய புத்தக அட்டை மாதிரி ஒரு பழுப்பு நிறம் வந்திருந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன். மரம் என்று சொல்லலாம்.

சிலாம்பு மிச்சமிருந்தது. இலாக்காவில் வீட்டுக்கு இரண்டு உப்புத்தாள் கொடுத்தார்கள். உபயோகித்த பிறகு இரண்டையும் எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பலகையை முடிப்பதற்குள் அவை வெறும் காகிதம் ஆகிவிட்டன. இவர் அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, சாமான் கிடங்கு குமாஸ்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல மணல் இல்லியே" என்றாராம். "அது வராந்தால இருக்குது, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இவர் அப்படிப் பேசக்கூடியவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. நம்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மிச்சப் பலகைகளுக்கு ஆற்று மணலும் செங்கல் துண்டும்தான். ஞானம்மா அந்தப் பக்கத்திலிருந்து, நான் இந்தப் பக்கத்திலிருந்து, ரேகை போகிற வழியே மூன்று நாள் தேய்த்தோம்.

"உன் வராந்தாவைத் தேய்க்க வேணாமாக்கா?"

"எங்க வூட்டுல யாரும் கோலம் போடலியே. கூட்டுனேன், கழுவுனேன், வேலை முடிஞ்சிச்சு."

"அப்ப நீ ஏன் இங்க வந்து தேச்சிக்கினு இருக்கே?"

"நீ போயிட்டா அந்த ஆறு புள்ளைக்காரன் வருவான். ஆறும் என் கோழியைத் தொரத்தும். எனக்கு ஒண்ணும் உன்மேல ஆசை இல்ல தங்கச்சி, கோழிமேலதான்."

தலையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நானும் தலையைத் தூக்கவில்லை.

6

எண்ணெய் வந்துவிட்டது. பூசும் மட்டை வரவில்லை. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மட்டை. அது வீட்டு எண் வரிசைப்படி வரும். எங்களுடையது எட்டாம் எண். சனிக்கிழமை வந்திருக்க வேண்டியது, எதிர்ச்சாரியில் இருக்கிற ஏழாம் எண் வீட்டுக்காரர் நிதானமானவர் ஆகையால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. ஈரத் துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, வாசற்கதவிலிருந்து ஆரம்பித்துப் பின்னுக்கு நகர்ந்து, பலகை பலகையாகப் பூசிக்கொண்டு படி வழியாக நான் இறங்கினேன். மரம் எண்ணெயைக் குடித்தது. நடுவில் எங்கேயும் நிற்காமல் ஒரே சீராகக் குடித்தது. பின்பக்க ஏணி வழியாக ஏறி, கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை துரை வந்தபோது எண்ணெய் இன்னும் காயவில்லை.

அவரோடு குடை பிடித்தபடி ஒரு குமாஸ்தா, அவர் கையில் பதிவுப் புத்தகம். துரையின் பூட்ஸில் ஆற்றங்கரைச் செம்மண் கால் அங்குலம். என் கணவர் படிக்கருகே நின்று வணங்கினார். துரை முதல் படியில் கால் வைத்தார். ஏற வேண்டாம் என்று இவர் எப்படிச் சொல்வார்? மேலதிகாரியிடம் நில்லுங்கள் என்று சொன்னால் போகப் போவது வராந்தா மட்டும் அல்ல. துரை இரண்டாம் படிக்கு வந்தார்.

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். கதவைத் திறந்து நிலைப்படியில் வந்து நின்றதை நானே பிறகுதான் உணர்ந்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஆங்கிலம் பேசியதில்லை. தயவுசெய்து ஏற வேண்டாம், ஈரமாக இருக்கிறது என்று பணிவாகச் சொல்ல நினைத்தேன். அவசரத்தில் 'தயவுசெய்து' விட்டுப் போயிற்று.

"ஏறாதீர்கள். ஈரம்" என்றேன். "உங்கள் உத்தரவு, ஆறாவது விதி. எண்ணெய் காயும்வரை யாரும் மேலே நடக்கக் கூடாது."

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. துரை குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா உத்தரவை எடுத்து, ஆறாவது விதியை விரலால் காட்டினார். கீழே துரையின் கையெழுத்தே இருந்தது. தன் கையெழுத்தோடு சண்டை போட யாருக்கும் பிடிக்காது. அவர் காலை எடுத்தார்.

ஆனால் பரிசோதனை நடந்தாக வேண்டும். அதற்கும் ஒரு விதி இருக்கிறது. எங்கிருந்து பார்க்க வேண்டும் என்றுதான் விதி இல்லை. துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, குனிந்து வீட்டுக்கு அடியில் நுழைந்தார். குமாஸ்தாவும் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தார். தொப்பி ஒருமுறை விட்டத்தில் இடித்தது. அண்ணாந்து வராந்தாவின் அடிப்பக்கத்தைப் பலகை பலகையாகப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தை நான் தொட்டதே இல்லை. சோடாவும் இல்லை, புளியும் இல்லை, மணலும் இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து எப்படி இருந்ததோ அப்படியே, ஒட்டடையும் கோழி இறகுமாக இருந்தது.

வெளியே வந்து பதிவுப் புத்தகத்தில் எழுதினார். நல்ல நிலை.

7

அவர்கள் போன பிறகு இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பின்பக்க ஏணியில் இறங்கிச் சுற்றி வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். கனகா நடுவில் புகுந்து, இவர் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் துரையிடம் பேசியதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஒரு கடுதாசி போட்டுட்டேன்" என்றார்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு. நீயும் கொழந்தையும் அடுத்த கப்பல்ல வரீங்கன்னு."

"எப்ப?"

"அந்தச் சனிக்கெழமை. கறுப்பா ஆச்சே, அன்னிக்கு."

"மறுநாளே நான் புளி கரைச்சேன்."

"நீ புளி கரைப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லியிருக்கலாமில்ல? பத்து நாளா பக்கத்துலயே இருந்துக்கினு?"

"நீ தேச்சிக்கினு இருந்தியே. அதை நிறுத்திட்டு எப்படிச் சொல்றது?"

பரவாயில்லை விடு என்று அன்று சொன்னதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்தது. கோபப்படுவது சரியா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. அந்தச் சனிக்கிழமை இவர் இடத்தில் நின்று அந்த வராந்தாவைப் பார்த்திருந்தால் நானும் அந்தக் கடுதாசியைத்தான் எழுதியிருப்பேன். ஒருவேளை, எழுத இவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கணக்குப் பார்த்தோம். அது இன்றோ நாளையோ காஞ்சிபுரம் போய்ச் சேரும். தந்தி அடிக்கலாமே என்றேன், சொல்லும்போதே வேண்டாம் என்று தோன்றியது. எங்கள் தெருவில் தந்தி என்றால் சாவுதான். உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். படித்துச் சொல்ல ஆள் பிடித்து வந்து, யாரும் சாகவில்லை என்று நிரூபிப்பதற்குள் பாதித் தெரு தலைமுழுகிவிடும்.

ஆகவே கடுதாசிதான். நான்தான் எழுதினேன். 'நாங்கள் வரவில்லை. வீடு நல்ல நிலையில் இருக்கிறது' என்று எழுதிப் பார்த்தேன். துரை எழுதியது போலவே இருந்தது. கிழித்துவிட்டு, குழந்தை சுகம், அவர் சுகம், புளி தீர்ந்துவிட்டது, வர நினைத்திருந்தோம், முடியவில்லை என்று எழுதினேன். ஏன் முடியவில்லை என்று எழுத நாலு வரி இடம் விட்டேன். கடைசிவரை அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

அது அடுத்த தபால் கப்பலில் போய், பட்டணத்தில் இறங்கி, ஊர் போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் என் மாமியார் பின்கட்டு அறையைக் காலி செய்து வெள்ளையடித்திருப்பார். பாவாடைக்கு அளவு தெரியாமல், தெருவில் போகிற நாலே முக்கால் வயதுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி முழம் போட்டுப் பார்ப்பார். எந்தக் கப்பல், எந்த ரயில் என்று யாராவது கேட்டால், வழியில் இருக்கிறார்கள் என்று சொல்வார். அவர் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நாளும் காஞ்சிபுரத்தில் நாங்கள் வந்துகொண்டேதான் இருப்போம்.